உப்புத்தாங்கல் ஏரி

ஜூன் 4, 2017. ஞாயிறு

கட்டுரை வந்துவிட்டது. ஐந்தாம் பக்கம், மேல் பாதி முழுக்க, என் புகைப்படத்தோடு. புகைப்படத்தில் எனக்குத் தலைமுடி கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முந்தைய படம் என்பதை யாரும் கேட்கப்போவதில்லை.

‘பேட்டைச் செய்தி’ இலவச வாரப் பத்திரிகை. ஞாயிறு காலையில் வாசலில் வீசிவிட்டுப் போவார்கள். பாதிப் பேர் அதில் பஜ்ஜி எண்ணெய் ஒற்றுகிறார்கள் என்பது தெரியும். ஆனாலும் வடசென்னையின் ஒவ்வொரு பேட்டைக்கும் எப்படிப் பெயர் வந்தது என்று எழுத இந்தத் தணிகாசலத்தை விட்டால் வேறு ஆள் இல்லை. தொலைபேசித் துறையில் முப்பத்திரண்டு வருடம் கம்பி இழுத்தவன். நான் ஏறாத கம்பம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

இது நாற்பத்தோராவது கட்டுரை. கொருக்குப்பேட்டைக் கால்வாயை ஒட்டிய உப்புத்தாங்கல். அறுபத்திரண்டு வீடு, ஒரு அம்மன் கோயில். இருபத்தேழாவது வீடு என் தங்கை மங்காவுடையது. எங்கள் பக்கத்தில் தாங்கல் என்றால் சின்ன ஏரி. ஆகவே உப்புத்தாங்கல் என்றால் உப்புக் கரிக்கும் ஏரி. கால்வாய் வழியாகக் கடல்நீர் ஏறி அந்த ஏரி கரித்திருக்க வேண்டும். “மாலை வெயிலில் வெள்ளித் தாம்பாளமாய் மின்னிய அந்த ஏரியைத் தூர்த்துத்தான் இன்று நாம் துணி காயப்போடுகிறோம்” என்று முடித்திருந்தேன். எனக்கே பிடித்திருந்தது.

காலையில் வழக்கம்போல மங்கா வீட்டுக்கு இட்லி சாப்பிடப் போனேன். வாசலிலேயே அவளுடைய இட்லிக் கடை. நாலு பேர் நின்றிருந்தார்கள். பத்திரிகையை நீட்டினேன். கரண்டியைக் கீழே வைக்காமல் படித்தாள்.

“இன்னாண்ணா, ஏரின்னு எழுதிக்கீற? எங்க வூட்டுக்காரு தாத்தா காலத்துல படகுல உப்பு வருமாம். மூட்டைய தலையில தூக்கினு வந்து இந்த மேட்டுலதான் எறக்கி வெச்சி மூச்சு வுடுவாங்களாம். சும தாங்குற எடம். அதான் தாங்கல். அவரு எத்தினி வாட்டி சொல்லிக்கீறாரு உங்கிட்ட.”

சொல்லியிருக்கிறார். ஏழுமலை நல்ல மனிதர், போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஆனால் வீட்டுக்கு வீடு ஒரு தாத்தா கதை இருக்கும். அதையெல்லாம் வரலாறு என்று எழுத முடியாது. அந்தக் கதையையும் ஒரு வரியில் குறிப்பிட்டு, கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம் என்று எழுதியிருந்தேன். அவள் அந்த வரிக்கு இன்னும் வரவில்லை.

“ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல ஊரே முழுகிச்சே, எங்க வாசப்படி நனஞ்சுதா? ஏரியா இருந்தா நனையாது?” என்றாள்.

“நீ சட்னி ஊத்து” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூன் 7. புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. மூன்றாம் நாள்.

ஜூன் 11. ஞாயிறு

ஆசிரியர் கிரிதரன் போன் செய்தார். உப்புத்தாங்கல் கட்டுரைக்கு ஏழு கடிதமாம். இதுவரை ஒரு கட்டுரைக்கு இரண்டைத் தாண்டியதில்லை. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும்போது ஏரி என்றாலே மனசு குளிர்கிறது போலும். திவாகர் என்று ஒருவர் என் எண்ணைக் கேட்டு வாங்கினாராம்.

ஜூன் 14. புதன்

திவாகர் வந்தார். முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஏரி குளங்களை மீட்கும் அமைப்பாம்.

“சார், உங்க கட்டுரைய எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம். இந்த மாதிரி ஆய்வு பண்றவங்க சென்னையில எத்தன பேர் சார் இருக்காங்க?”

அதிகம் இல்லை என்றேன். ஆதாரமாக வரைபடம் ஏதாவது உண்டா என்று கேட்டார். துறையில் இருந்தபோது ஒரு நண்பர் கொடுத்த பழைய சர்வே படத்தின் நகல் என்னிடம் உண்டு. கருப்பு வெள்ளை, பல முறை நகலெடுத்து மங்கியது. உப்புத்தாங்கல் இருக்கும் இடத்தில் கோடு கோடாக நிழல் போட்டிருக்கிறது. ஏரியைத் தவிர வேறு எதற்கு நிழல் போடுவார்கள்? செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு தாளை எடுத்தார். இங்கே நீர்நிலை இருந்தது என்று நான் உறுதி கூறுவதாக ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. கீழே என் பெயர். பெயருக்குக் கீழே ‘வரலாற்று ஆய்வாளர்’. அறுபத்து நான்கு வயதில் என்னை யாரோ அப்படி அச்சடித்துப் பார்க்கிறேன். என் பேனாவிலேயே கையெழுத்துப் போட்டேன். மேலோட்டமாகப் படித்தேன், மூக்குக்கண்ணாடி அடுத்த அறையில் இருந்தது.

போகும்போது ஒரு கிலோ மாம்பழம் வைத்துவிட்டுப் போனார். இமாம்பசந்த். பாதியை மங்காவுக்குக் கொடுத்தேன்.

ஜூலை 2. ஞாயிறு

இந்த வாரம் காலடிப்பேட்டை. கொலெட் என்ற வெள்ளைக்காரக் கவர்னர் பெயரால் வந்த பேட்டை, ஜனங்கள் வாயில் தேய்ந்து காலடியானது. கேட்டதைக் கேட்டபடி விட மாட்டார்கள், தங்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொள்வார்கள் என்று கொஞ்சம் கேலியாக எழுதியிருந்தேன். கடிதம் ஒன்றும் வரவில்லை.

உப்புத்தாங்கலில் முக்காலி வைத்து அளக்கிறார்களாம். எதற்கென்று மங்கா கேட்டதற்கு அளக்க வந்தவர்களுக்கே தெரியவில்லை. மெட்ரோ ரயிலாக இருக்கும் என்றேன்.

ஜூலை 19. புதன்

கால்வாய்க்கு இந்தப் பக்கம் மூடிக்கிடக்கும் ஆலையின் மதிலில் பெரிய விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். பதினெட்டு மாடி வீடுகள் வரப்போகின்றன. ‘ஏரி பார்த்த பால்கனி’ என்று எழுதி, நீலத் தண்ணீரில் நாலு வாத்து. பக்கத்தில் எந்த ஏரி இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு சிரிப்பு வந்தது. யாரோ என் கட்டுரையைப் படித்திருக்கிறார்கள். விளம்பரக்காரர்களுக்குக் கூச்சமே கிடையாது.

மங்காவிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 30. ஞாயிறு

ஆடிக் கூழ். கோயிலில் நல்ல கூட்டம். மங்கா இரண்டு சொம்பு கொடுத்துவிட்டாள்.

வீட்டுச் சுவர்களில் சிவப்புப் பெயின்ட்டில் எண் எழுதியிருக்கிறார்கள். மங்கா வீட்டில் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், போன பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பின் மேல், 27. எலக்ட்ரீஷியன் பாக்கியநாதன் எதிர் வீட்டுக்காரர். “இன்னா சார் இது, நீங்கதான் படிச்சவரு” என்றார். மக்கள்தொகைக் கணக்காக இருக்கும் என்றேன். இன்னும் நாலு வருடம் இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

ஆகஸ்ட் 9. புதன்

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

அறுபத்திரண்டு வீட்டிலும். எல்லோரும் கோயில் வாசலில் உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். இந்த இடம் நீர்நிலை, இங்கே உள்ள வீடுகள் ஆக்கிரமிப்பு, மூன்று வாரத்தில் விசாரணைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும், தவறினால் அகற்றப்படும். என் குரல் நன்றாகத்தான் இருந்தது. ‘ஆதாரங்கள்: இணைப்பு ஒன்று முதல் மூன்று வரை’ என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

“எந்த நீர்நெல? எங்க கீது தண்ணி?” என்று பாக்கியநாதனின் மனைவி கத்தினாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

மங்காவின் நோட்டீஸை நான் பத்திரமாக வைப்பதாகச் சொல்லி வாங்கிவந்தேன். மூன்றாவது இணைப்பு என் கட்டுரையும் என் கையெழுத்திட்ட தாளும். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தேன். ‘என் பல ஆண்டு ஆய்வின்படி’ என்று ஆரம்பிக்கிறது.

நாளை மங்காவிடம் முதல் இரண்டு பக்கத்தைக் கொடுத்தால் போதும். இணைப்பு மசமசவென்ற நகல், அவளால் படிக்க முடியாது.

ஆகஸ்ட் 10. வியாழன்

திவாகருக்குப் போன் செய்தேன். ஐந்தாவது தடவை எடுத்தார்.

“அங்க ஜனங்க இருக்காங்க தம்பி. என் தங்கச்சி இருக்கா.”

“அவங்களுக்கு மாற்று வீடு கொடுப்பாங்க சார். ஏரி திரும்பி வந்தா எல்லாருக்கும் நல்லதுதானே? நீங்களே எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க.”

மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 17. வியாழன்

எழும்பூர் ஆவணக் காப்பகம். மூலப் படத்தைப் பார்க்க அனுமதி கிடைக்க ஒரு வாரம் ஆனது. உதவிக்கு வந்த அம்மாள் மேசையில் விரித்துவிட்டுப் போனார். வண்ணம் அப்படியே இருக்கிறது. குளங்களெல்லாம் நீலம். உப்புத்தாங்கல் நீலம் இல்லை. மண் நிறம். என் நகலில் கோடு கோடாகத் தெரிந்தது மேட்டைக் காட்டும் கோடுகள். அதன் நடுவில் எறும்பு மாதிரி எழுத்து. பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தேன். உப்பு இறக்கும் மேடை.

மேடை. தாத்தா கதை.

சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகுமாம். விசாரணை முப்பதாம் தேதி. பென்சிலால் ஒரு தாளில் பார்த்து வரைந்துகொண்டேன். கால்வாய் கோணலாகிவிட்டது.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வந்த பஸ்ஸில் எல்லாம் இடம் இருந்தது.

ஆகஸ்ட் 18. வெள்ளி

மூன்று இட்லி. மூன்றாவதைக் காக்கைக்கு வைத்தேன். மங்காவிடம் சொல்ல வேண்டும். கடையில் கூட்டம். நாளைக்குச் சொல்லலாம்.

ஆகஸ்ட் 21. திங்கள்

இன்றும் கூட்டம்.

ஆகஸ்ட் 24. வியாழன்

நான் சொல்வதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாக்கியநாதன் தன் நோட்டீஸை ஒரு வக்கீலிடம் காட்டியிருக்கிறார். வக்கீல் இணைப்பையும் படித்துச் சொல்லியிருக்கிறார். நான் போனபோது இட்லிக் கடை இல்லை. மங்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தத் தாள். நகலில் என் முகம் கருப்புத் திட்டாக இருந்தது.

“இது நீதானேண்ணா?”

ஆமாம் என்றேன்.

“மேடுன்னு அவரு சொன்னாரே. நானும் சொன்னனே. ஏன் எழுதல?”

என்னென்னவோ சொல்லப் பார்த்தேன். தாங்கல் என்ற சொல்லைப் பற்றி, நகலைப் பற்றி. கடைசியில் உண்மையைச் சொன்னேன். “ஏரின்னா அழகா இருந்துச்சு மங்கா.”

எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். நான் அங்கேயே நின்றேன். வெட்கம் என்ற சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதன் பொருள் இன்றுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 30. புதன்

விசாரணை. அறுபத்திரண்டு வீட்டுக்காரர்களும் வராந்தாவில். என்னைப் பார்த்ததும் வழிவிட்டார்கள், தொட்டுவிடுவேனோ என்பதுபோல.

நான் போய் நின்றேன். நான் எழுதியது தவறு, அங்கே ஏரி இருந்ததே இல்லை, அது உப்பு இறக்கிவைத்த மேடு, மூலப் படத்தை நானே பார்த்தேன் என்றேன். என் பென்சில் படத்தைக் கொடுத்தேன். அதிகாரி நல்ல மாதிரியான மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சான்றிட்ட நகல் இருக்கா?”

“விண்ணப்பிச்சிருக்கேன்.”

“கையெழுத்து உங்களோடதுதானே?”

“ஆமாங்க.”

“பல ஆண்டு ஆய்வுன்னு இருக்கே. தப்புன்னு எப்ப தெரிஞ்சுது? நோட்டீஸ் வந்ததுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

பின்னால் என்றேன்.

“அங்க உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?”

மங்கா கதவருகே நின்றிருந்தாள். “தங்கச்சி” என்றேன். “இருபத்தேழாம் நம்பர்.”

அவர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. “புரியுதுங்க பெரியவரே. யாரா இருந்தாலும் இதத்தான் செய்வாங்க” என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

செப்டம்பர் 10. ஞாயிறு

பத்திரிகைக்கு மறுப்பு எழுதி அனுப்பினேன். இடம் இல்லையாம். ஆயுத பூஜை விளம்பரங்கள்.

செப்டம்பர் 16. சனி

காலை ஆறரைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு இயந்திரம், மூன்று வேன் போலீஸ். அழுகையும் கூச்சலும் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அதன் பிறகு எல்லோரும் சத்தமில்லாமல் சாமான் தூக்கினார்கள். நான் மங்காவின் இட்லிக் கொப்பரையைத் தூக்கிவந்து லாரியில் வைத்தேன். அவள் அதை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள்.

இருபத்தேழு விழ இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. சிவப்பு எண் இருந்த சுவர் முழுசாகச் சாய்ந்தது.

அக்டோபர் 8. ஞாயிறு

அவர்களைக் கொண்டுபோய் வைத்திருக்கும் இடம் ஊருக்குத் தெற்கே, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மங்காவுக்கு ஏழாவது மாடி. அங்கே வாசல் இல்லை, அதனால் கடையும் இல்லை. வீட்டு வேலைக்குப் போகிறாளாம். இதெல்லாம் பாக்கியநாதன் சொல்லித்தான் தெரியும். மங்கா என் போனை எடுப்பதில்லை.

உப்புத்தாங்கலில் தோண்டுகிறார்கள். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். எட்டடி ஆழம் இருக்கும். லாரி லாரியாக மண் போகிறது. நல்ல கெட்டி மண், செம்மண் கலந்தது. ஏரியின் அடியில் அப்படி மண் இருக்காது. பக்கத்தில் நின்ற காவலாளியிடம் சொன்னேன். ஓரமாக நிற்கச் சொன்னான்.

அக்டோபர் 18. புதன்

தீபாவளி. பக்கத்து வீட்டில் பலகாரம் கொடுத்தார்கள்.

நவம்பர் 3. வெள்ளி

நேற்று சாயங்காலத்திலிருந்து விடாத மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மின்சாரம் இல்லை.

நவம்பர் 8. புதன்

மழை விட்டிருக்கிறது. காப்பகத்திலிருந்து சான்றிட்ட நகல் தபாலில் வந்தது. முத்திரை, கையெழுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது. மேடை என்பது பூதக்கண்ணாடி இல்லாமலே தெரிகிறது.

நவம்பர் 12. ஞாயிறு

‘பேட்டைச் செய்தி’ முதல் பக்கம்: உப்புத்தாங்கல் ஏரி மீண்டது! கரை வரை தண்ணீர். மூன்று கொக்கு. உள்ளே என் பழைய கட்டுரையை மறுபடி போட்டிருக்கிறார்கள், அதே புகைப்படத்தோடு. ‘அன்றே சொன்னார் நம் ஆய்வாளர்’ என்று தலைப்பு.

கிரிதரனுக்குப் போன் செய்து கத்தினேன். “சார், தண்ணி கண்ணு முன்னால நிக்குது. இல்லன்னு எப்படிப் போடறது?” என்றார். வாசகர்களை அங்கே அழைத்துப்போய் நான் பேச வேண்டும் என்று ஒரு யோசனை இருக்கிறதாம்.

நவம்பர் 15. புதன்

மங்கா போன் செய்தாள். நாளைக்கு ரேஷன் கார்டு விஷயமாக இந்தப் பக்கம் வருகிறாளாம். அந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். வா என்றாள். அவ்வளவுதான். நகலைப் பையில் எடுத்து வைத்தேன். அவளிடம் காட்ட வேண்டும். ஏழுமலை சொன்னது சரி என்று முத்திரையோடு காட்ட வேண்டும். அது ஒன்றாவது அவளுக்குச் சேரட்டும்.

நவம்பர் 16. வியாழன்

பத்து மணிக்கு வந்தாள். இளைத்திருக்கிறாள். வேலி ஓரமாக நடந்தோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஆலை மதிலுக்குப் பின்னால் அந்தப் பதினெட்டு மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கல் எறிந்து விளையாடினார்கள். இருபத்தேழாம் வீடு எங்கே இருந்திருக்கும் என்று அவள் விரலால் அளந்து பார்த்தாள். கோயில் இல்லாததால் கணக்குப் பிடிபடவில்லை. விட்டுவிட்டாள்.

“அண்ணா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்.”

“கேளு.”

“அன்னைக்கி ஆபீசுல ஏரியே இல்லன்னு அடிச்சி சொன்னியே. அது எங்களுக்காவ சொன்ன பொய்தானே?”

எனக்குப் புரியவில்லை. அவளைப் பார்த்தேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத்தினி தண்ணி நிக்குதே. ஏரியா இல்லாமலா நிக்கும்? நீ உள்ளததான் எழுதிக்கீற. அவரு தாத்தா கத, கதைதான். வூடு போச்சேன்னு நாந்தான் உன்ன இன்னான்னாவோ நெனச்சிட்டேன். நீ அத்தினி பேரு முன்னால உன் பேர கெடுத்துக்கினு எனக்காவ பொய் சொன்ன. நான் ரெண்டு மாசமா உன் போன் எடுக்கல.”

அழ ஆரம்பித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில்தான் பை இருந்தது. எட்டடி தோண்டினால் எந்த மேட்டிலும் தண்ணீர் நிற்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு தாளை எடுத்து நீட்டினால் போதும். நீட்டினால், இல்லாத ஒரு ஏரிக்காக அவள் வீடு போனது என்பது அவளுக்கு மறுபடி தெரியும். யாரால் போனது என்பதும்.

“சொல்லுண்ணா. பொய்தானே?”

“ஆமா மங்கா” என்றேன். “உனக்காகத்தான்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் இன்றுதான் அவள் முகம் பழையபடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னாள். கோழிக் குழம்பு வைக்கிறாளாம். லிஃப்ட் வேலை செய்யவில்லையாம், நின்று நின்று ஏறி வரச் சொன்னாள்.

போக வேண்டும். இரண்டு பஸ். எட்டு மணிக்காவது கிளம்பினால்தான் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.